தனுஷ்கோடி ஸ்டேஷனும் அது காத்திருந்த கப்பலும்

இராமேஸ்வரம் போய்வந்த ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் அந்தச் சுவர் நிஜமாகவே ரயில்வே ஸ்டேஷன்தானா? இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல் என்று கிடக்கிற இடத்துக்கு எதற்காக அந்தக் காலத்தில் ரயில் விட்டார்கள்? 1964 புயலில் போட் மெயில் கடலுக்குள் போய்விட்டது என்கிறார்களே, உண்மையா?

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம். மூன்றாவதற்கு, இல்லை, போனது வேறு வண்டி. இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். அதைச் சொல்லி முடித்தால் மற்ற இரண்டும் தானாக விளங்கிவிடும்.

பாம்பன் தீவின் வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். மேற்கே பாம்பன், வடகிழக்கே இராமேஸ்வரம் கோயில். அங்கிருந்து தென்கிழக்காக ஒரு விரல் மாதிரி மணல்திட்டு நீண்டு போகிறது. அந்த விரலில்தான் தனுஷ்கோடி, விரல் நுனிதான் அரிச்சல்முனை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம்போலக் கிடக்கும்போது மற்றொன்று அறைந்துகொண்டிருக்கும். காற்று மாறினால் இரண்டும் குணம் மாறும். எதிரே இலங்கையின் தலைமன்னார், கடல்வழியில் ஏறக்குறைய 22 மைல். அந்த 22 மைல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கடலில் அதைவிடக் குறைவாகப் போகக்கூடிய இடம் வேறு இல்லை.

ரயில் வருவதற்கு முன்பும் தனுஷ்கோடிக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சேதுவில், அதாவது அந்தக் கடலில், முழுக்குப் போடுவதற்காக. காசிக்குப் போகிறவர்கள் சேதுவில் குளித்து, இங்கிருந்து மண் எடுத்துக்கொண்டு போய்க் கங்கையில் கரைத்து, அங்கிருந்து கங்கைநீர் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. ஆனால் யாத்திரைக்காரர்களுக்காக மட்டும் வெள்ளைக்காரக் கம்பெனி கடல்மேல் பாலம் போட்டிருக்காது.

1914க்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் வழி தூத்துக்குடி. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இலேயே ரயில் வந்துவிட்டது. அங்கே இறங்கி நீராவிக் கப்பலில் ஏறினால் கொழும்புக்கு ஒரு ராத்திரிப் பயணம். கப்பலோடு சேர்த்து ஓடிய வண்டி என்பதால் அதற்கு 'போட் மெயில்' என்று பெயர் வந்தது. அதாவது அந்தப் பெயருக்குச் சொந்த ஊர் தனுஷ்கோடி இல்லை, தூத்துக்குடி. தனுஷ்கோடி அதை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த ராத்திரிக் கடல் பலருக்கும் பிடிக்கவில்லை. கப்பல் ஆட்டத்தில் குடல் வெளியே வந்துவிடும். தவிர, இலங்கையில் காப்பிக்குப் பிறகு தேயிலை பிடித்துக்கொண்ட காலம் அது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், வந்த ஆளுக்கு அரிசி வேண்டும். இரண்டும் தமிழ்நாட்டிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. தோட்டத் துரைமார்களுக்கும் இலங்கை அரசுக்கும் தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கும் குறுகிய கடல்வழி ஒன்றைத் திறப்பதில் ஒரே அளவு அக்கறை இருந்தது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கிடக்கிற ஆதம் பாலத்தின் மணல்திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டு நேராக இலங்கைக்கு ரயில் விட்டுவிடலாம் என்றும் ஒரு திட்டம் பேசப்பட்டது. செலவைப் பார்த்துக் கைவிட்டார்கள். அப்படியே போட்டிருந்தாலும் வண்டி தொடர்ந்து ஓடியிருக்காது. இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு மீட்டர்தான், அந்தப் பக்கம் இலங்கை ரயில்வே ஐந்தரை அடி அகலப்பாதை. எங்காவது ஓரிடத்தில் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறித்தான் ஆக வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே ரயில் ஓடியது" என்று பலரும் நம்புகிறார்கள். ஒரே டிக்கெட் இருந்தது, ஒரே ரயில் இல்லை. ரயிலைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதும் கற்பனைதான். ஏறிப் போனது ஆட்களும் சாமான்களும்.

கடைசியில் முடிவானது இது: பாம்பன் கால்வாய்க்கு மேல் பாலம், தீவுக்குள் தனுஷ்கோடி வரை தண்டவாளம், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கே காத்திருக்கும் இலங்கை ரயில்.

மண்டபம் வரை ரயில் 1902இலேயே வந்துவிட்டது. தீவுக்குள் பாம்பனிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 1906இல் ஒரு பாதை போட்டார்கள். பாலம் இல்லாததால் நடுவில் கடலைப் படகில் தாண்டி, அந்தப் பக்கம் போய் வேறு வண்டியில் ஏறுவார்கள். பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தது. 145 கண்கள் (தூணுக்குத் தூண் நடுவே உள்ள பிரிவுகள்), நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் கப்பல் போக இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும் பகுதி. ஷெர்சர் என்ற அமெரிக்க இன்ஜினியரின் வடிவமைப்பு அது. மோட்டார் எதுவும் கிடையாது, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித் தூக்குவார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் தூக்கினார்கள்.

தண்டவாளத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். இன்றைக்கு இராமேஸ்வரம் போய் அங்கிருந்து தனுஷ்கோடி போகிற நமக்கு, ரயிலும் அப்படித்தான் போயிருக்கும் என்று தோன்றும். இல்லை. பாம்பன்தான் ஜங்ஷன். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஆறேகால் மைலில் இராமேஸ்வரம், மற்றொன்று பதினைந்து மைலில் தனுஷ்கோடி. போட் மெயிலில் கொழும்புக்குப் போகிறவர் கோயில் கோபுரத்தைப் பார்க்காமலே தீவைக் கடந்துவிடலாம். இராமேஸ்வரம் அந்த நாளில் கிளைப்பாதையின் முனை. பெரிய வண்டி நேராகப் போனது கப்பலுக்கு.

ஆகவே தனுஷ்கோடி ஸ்டேஷனை ஓர் ஊரின் ஸ்டேஷன் என்று நினைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். கப்பலின் வாசற்படி என்று நினைத்தால் சரியாக வரும். ஊருக்கு ஸ்டேஷன் வரவில்லை, ஸ்டேஷனைச் சுற்றித்தான் ஊர் வந்தது. சுங்க ஆபீஸ், துறைமுக ஆபீஸ், தபால் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில், சத்திரங்கள், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, கடைகள். மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடம் என்பதால் குடிக்கத் தண்ணீரும் இருந்தது. சுற்றிலும் உப்புக்கடல் இருக்க அந்த ஊற்றுத் தண்ணீர் இனிப்பதை இன்றும் அங்குள்ள மீனவக் குடிசைகளில் வாங்கிக் குடித்துப் பார்க்கலாம்.

ஒரு நாளின் நடப்பு ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும். முந்தின நாள் ராத்திரி எழும்பூரில் கிளம்பிய வண்டி மறுநாள் பிற்பகலில் பாம்பன் பாலத்தைத் தாண்டி மணல்காட்டுக்குள் நுழையும். ஊர் ஸ்டேஷனில் நின்றுவிட்டு, அப்புறம் இறங்குதுறை வரைக்கும் போகும். இறங்கியவர்கள் சில நிமிஷ நடையில் கப்பலில் ஏறிவிடலாம். கப்பல்களுக்கு வைஸ்ராய், கவர்னர் பெயர்கள்: ஆரம்பத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பின்னால் இர்வின், கோஷன். எல்லாம் ரயில்வே கம்பெனியின் சொந்தக் கப்பல்கள். கடலில் சுமார் இரண்டு மணி நேரம். தலைமன்னாரில் இலங்கை ரயில் நின்றுகொண்டிருக்கும். ராத்திரி முழுக்க மதவாச்சி, அநுராதபுரம் வழியாக ஓடி, காலையில் கொழும்பு கோட்டை ஸ்டேஷன். எழும்பூரில் வாங்கிய டிக்கெட் அதுவரைக்கும் செல்லும்.

சரி, யார் போனார்கள்? இதுவரை சொன்னதில் சாமான் பெட்டியோடு சவாரி போகிற கனவான்கள்தான் கண்முன் வருவார்கள். அவர்கள் கொஞ்சம்தான். கொழும்பில் கடை வைத்திருந்த செட்டியார்களும் முஸ்லிம் வியாபாரிகளும் நாடார்களும் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் படிக்கவும் சினிமா பார்க்கவும் கோயில் கும்பிடவும் வந்தார்கள். இலங்கை போகும் சரக்கில் அரிசி, துணி, மிளகாய், கருவாடு. ஆனால் எண்ணிக்கையில் பெருங்கூட்டம் தோட்டக்காட்டுக்குப் போன கூலி ஆட்கள்தான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கூட்டி வந்த குடும்பங்கள்.

அவர்கள் நேராகக் கப்பல் ஏறிவிட முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்தியது. இந்திய மண்ணில் இலங்கையின் முகாம். அம்மை, காலரா இலங்கைக்குப் போய்விடக்கூடாது என்று ஆட்களை அந்த முகாமில் சில நாட்கள் நிறுத்தி, உடுப்பைப் புகைபோட்டு, ஊசி குத்தி, அப்புறம்தான் வண்டி ஏற்றுவார்கள். காசு கொடுத்து மேல் வகுப்பில் வந்தவருக்கு அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் கிடையாது. நோய்க்கும் வகுப்பு பார்த்தார்கள் போலிருக்கிறது. அந்த இடத்துக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர்.

ரயிலுக்கு முந்தின தலைமுறை இதே பயணத்தை எப்படிச் செய்தது என்று தெரிந்தால் ஸ்டேஷனின் அருமை இன்னும் புரியும். படகில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. தண்ணீர் இல்லாத பாதையில், காய்ச்சலிலும் காலராவிலும் வழியெங்கும் செத்தவர்கள் ஏராளம். அந்த நடையை ரயில் ஒழித்தது. அந்த அளவுக்கு நன்மைதான். ஆட்களைத் தோட்டத்துக்கு வாரிக்கொண்டு போவதையும் அதே ரயில் சுலபமாக்கியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மலையகத் தமிழர் பலரின் குடும்பக் கதையில் தனுஷ்கோடி என்ற பெயர் எங்காவது ஒரு மூலையில் வரும். ரயிலை அவர்கள் 'கோச்சி' என்பார்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் தாய்நாட்டு மண்ணை கடைசியாக மிதித்த இடம் இந்தப் பிளாட்பாரம்தான்.

இடையில் ஒரு சின்ன விஷயம். விவேகானந்தர் இலங்கையிலிருந்து திரும்பும்போது தனுஷ்கோடியில் இறங்கினார் என்று அடிக்கடி படிக்கிறேன். 1897 ஜனவரியில் அவர் இறங்கியது பாம்பனில். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. தனுஷ்கோடியில் அப்போது ஸ்டேஷனும் இல்லை, துறையும் இல்லை.

இனி ஸ்டேஷனின் சரிவு. புயல் வரும்வரை எல்லாம் அமோகமாக இருந்தது, ஒரே ராத்திரியில் முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இந்த ஸ்டேஷனின் வேர் இலங்கைப் போக்குவரத்தில் இருந்தது. அந்த வேர் புயலுக்கு இருபத்தைந்து வருஷம் முன்பே காயத் தொடங்கிவிட்டது.

1939இல் இலங்கை அரசு தன் வேலைகளிலிருந்து இந்தியர்களை அனுப்பத் தொடங்கியதும், பதிலுக்கு இந்திய அரசு கூலி ஆட்கள் இலங்கை போவதைத் தடை செய்தது. கங்காணி கூட்டிப்போகும் கூட்டம் அத்தோடு நின்றது. 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். குடிவரவுச் சட்டமும் அதே வருஷம். அதுவரை மதுரைக்குப் போகிற மாதிரி கொழும்புக்குப் போய்வந்த ஆட்களுக்குப் பாஸ்போர்ட், விசா என்று புதுச் சொற்கள் வந்து சேர்ந்தன. காகிதம் இல்லாமல் போனவனுக்குக் 'கள்ளத்தோணி' என்று பெயர். தனுஷ்கோடி, கப்பல் ஏறும் இடம் என்பதிலிருந்து மெல்ல மெல்ல ஆளைச் சோதிக்கும் இடமாக மாறிக்கொண்டிருந்தது. தென்னிந்திய ரயில்வே 1951இல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தது. வண்டியும் கப்பலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எதற்காக இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்தார்களோ அந்த ஆள்வெள்ளம் இல்லை.

அப்புறம் 1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சத்தைப் பிறகு பேசுவோம் என்று. ஆட்களை அனுப்பிய வழியிலேயே அவர்களின் பிள்ளை பேரப்பிள்ளைகள் திரும்பி வரப்போகிறார்கள். கையெழுத்தாகி எட்டு வாரத்துக்குள் அந்த வழியின் இந்திய முனையே இல்லாமல் போனது.

டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு புயலாக வலுத்து, 22ஆம் தேதி வவுனியா பக்கமாக இலங்கையைக் கடந்து, அன்று ராத்திரி பாக் நீரிணைக்குள் வந்தது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அப்படிப்பட்ட கடலில் புயற்காற்று தண்ணீரைத் தள்ளும்போது அதற்குக் கீழே போக இடமில்லை, மேலேதான் எழும். பெண் கடல் என்று பேர் வாங்கிய அந்தத் தண்ணீர் இருபது அடிக்கும் மேல் எழுந்து மணல்விரலைக் குறுக்கே கடந்து ஆண் கடலில் போய் விழுந்தது. நடுவில் இருந்ததுதான் ஊர்.

அந்த நேரத்தில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் வண்டி போய்க்கொண்டிருந்தது. 653ஆம் எண். ஆறு பெட்டிகள். 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் இருந்ததாகக் கணக்கு; டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் இதில் சேர்த்தி இல்லை. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது அலை அடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. போட் மெயில் மூழ்கியது என்ற பேச்சு எப்படி வந்தது என்பது இதிலிருந்தே தெரியும். தனுஷ்கோடி ரயில் என்றாலே மக்களுக்குப் போட் மெயில்தான். சென்னையிலிருந்து வந்த பெரிய வண்டி அல்ல, உள்ளூர்ச் சின்ன வண்டிதான் போனது. அதில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

கைகாட்டி விழவில்லை, டிரைவர் காத்திருந்தார், நீண்ட விசில் கொடுத்துவிட்டுத் துணிந்து வண்டியை எடுத்தார் என்று ஒரு காட்சி எல்லா இடத்திலும் வருகிறது. கம்பிகள் அறுந்து சிக்னல் வேலை செய்யாமல் போனது நம்பத்தக்கதுதான். மற்றது, வண்டியில் இருந்த யாரும் மிஞ்சாதபோது யார் பார்த்துச் சொன்னது என்ற கேள்வியோடு படிக்க வேண்டியது. தந்தி, டெலிபோன் எல்லாம் போய்விட்டதால் வெளியுலகத்துக்கு விஷயம் தெரியவே நாளானது. ரயில்வே தலைமை அலுவலகம் வண்டியைப் பற்றி அறிக்கை விட்டது 25ஆம் தேதிதான். புயலில் செத்தவர்கள் மொத்தம் 1,800 பேருக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கோதண்டராமர் கோயில் தப்பியது. இராமேஸ்வரம் கோயிலும் ஊரும் தப்பின.

பாம்பன் பாலத்தில் தூக்கும் பகுதி நின்றது. ஆனால் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் நூற்றுக்கும் மேல் கடலுக்குள் விழுந்துவிட்டன. சரிசெய்ய ஆறு மாசம் ஆகும் என்று ரயில்வே நினைத்தது. மூன்று மாசத்தில் முடி என்று மேலதிகாரி சொன்னார். பொறுப்பு 32 வயது இன்ஜினியர் ஒருவருக்கு வந்தது. அவர் 46 நாளில் முடித்தார். புதுக் கர்டர் செய்ய நாளாகும் என்பதால், விழுந்த கர்டர்களையே மீனவர்கள் துணையோடு கடலுக்கடியிலிருந்து தேடித் தூக்கிப் பழைய இடத்தில் பூட்டினார்கள். அந்த இன்ஜினியர் இ. ஸ்ரீதரன். பின்னால் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் போட்டவர். இந்தப் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும் என்ற ஏற்பாடும் பின்னால் வந்தது.

46 நாளில் பாலத்தையே தூக்கி நிறுத்தியவர்களுக்குப் பதினைந்து மைல் தண்டவாளம் ஒரு பெரிய வேலையா? இல்லை. மனசு வைத்திருந்தால் ஒரு வருஷத்தில் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்பதில்தான் நான் மேலே சொன்னதற்குச் சான்று இருக்கிறது. சென்னை அரசு தனுஷ்கோடியை மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ஊரே இல்லை என்றால் ஊருக்கான ஸ்டேஷன் தேவையில்லை. ஸ்டேஷனின் உண்மையான எஜமானனாகிய கப்பலோ, இராமேஸ்வரத்துக்கு மாறிக்கொண்டது. கடல்வழி கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் குறைந்த ஆட்களுக்கு அது போதும். யாத்திரைக் கூட்டம் எப்படியும் இராமேஸ்வரத்துக்குத்தான் வருகிறது. அதுவரை கிளைப்பாதையின் முனையாக இருந்த இராமேஸ்வரம் பெரிய பாதையின் முனையானது. தனுஷ்கோடிப் பாதையை அப்படியே மணலுக்கு விட்டுவிட்டார்கள்.

சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி வந்தவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களைக் கொண்டுவந்த கப்பலுக்கு 'இராமானுஜம்' என்று பெயர். வைஸ்ராய்கள் காலம் முடிந்திருந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இந்தியாவைக் கதையில் மட்டும் கேட்டிருந்த குடும்பங்கள் தகரப் பெட்டியோடும் தையல் மெஷினோடும் வந்து இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அதே முகாம். பாட்டனைப் போகும்போது நிறுத்தி வைத்த இடத்தில் பேரனை வரும்போது நிறுத்தி வைத்தார்கள். அங்கிருந்து நீலகிரி, கொடைக்கானல் என்று பிரிந்தார்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாட்டில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இப்போது டான்டீ என்கிறோம். 1980களின் முதல் பாதியில் போர் மூண்டதும் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள் அகதிகள். கப்பலில் அல்ல, படகில்.

இப்போதைய நிலவரம். 2017 வரை தனுஷ்கோடிக்கு வேனில்தான் போக முடியும், தண்ணீரும் சேறுமாக இருக்கும் மணலில் குலுங்கிக்கொண்டு. நான் முதலில் போனது அப்படித்தான். மண்டை இரண்டு தடவை கூரையில் இடித்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை அந்த வருஷம் வந்தது. இப்போது அரசுப் பஸ்ஸே போகிறது. ரயிலையும் திரும்ப விடுவோம் என்று 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 17 கிலோமீட்டர் சொச்சம், 208 கோடி ரூபாய் என்றார்கள். தண்டவாளம் வரவில்லை. வர வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்த மணல்திட்டு ரயில்மேடை போடும் இடம் அல்ல. ஆமைகளும் வலசை வரும் பூநாரைகளும் அதை நம்பி இருக்கின்றன. பாரம் தாங்க வேண்டிய காரணமும் இப்போது இல்லை. கப்பல் இல்லாமல் அங்கே ரயில் போய் என்ன செய்யும்? செல்ஃபி எடுக்கும் கூட்டத்தை இறக்கிவிடும், பஸ் இப்போது செய்கிற மாதிரி.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. இதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறும், கை வலிக்கச் சுற்ற ஆள் வேண்டாம். எழும்பூர் - இராமேஸ்வரம் இரவு வண்டியைச் சனங்கள் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். அக்கரையில் தலைமன்னார்ப் பாதையும் போரில் அழிந்து, இந்திய உதவியில் திரும்பப் போடப்பட்டு, 2015 மார்ச்சில் திறந்தது. கொழும்பிலிருந்து ரயில் துறை ஸ்டேஷன் வரை வந்து நிற்கிறது. எதிரே கப்பல் எதுவும் கிடையாது.

அந்தச் சுவரைப் பற்றி: மாதா கோயில் இடிபாட்டுக்குப் போகிற பலரும் ஸ்டேஷனைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். வளைவுகளோடு நிற்கும் சுவர்த் துண்டுதான் ஸ்டேஷன். கிட்டத்திலேயே நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டியின் மிச்சம் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கட்டடங்களில் பவளப்பாறைக் கல் நிறைய. உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் பூப்பூவாகத் தெரியும். பெயர்த்து எடுக்காதீர்கள். காற்று மணலை அள்ளிக்கொண்டு போகிற மாசங்களில் தண்டவாளத் துண்டு எங்காவது துருப்பிடித்துத் தலைகாட்டும். சாயங்காலத்துக்கு மேல் போலீஸ் அந்தப் பக்கம் விடுவதில்லை. காலையிலேயே போங்கள், குடிக்க ஊற்றுத் தண்ணீர் கேட்டு வாங்குங்கள், அது இருக்கும்.